கல்வெட்டு அடிக்க முந்தி றங்குப் பெட்டியைத் திறவுங்கோ

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு செத்தவீட்டில் ஒரு துப்பரவு நடக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் திரும்பிப் போக முதல் அறையை ஒதுக்க வேண்டும். அன்று பின்வளவில் எரிகிற குப்பையில், றங்குப் பெட்டியில் (பெரிய தகரப் பெட்டி) இருந்த, நூலால் கட்டிய கடிதக் கட்டும், ஒற்றை றூள் கொப்பிகளும், கணக்கெழுதிய டயறிகளும் போய்விடும். அதே வாரம் அதே வீட்டுக்காரர் பளபளப்பான தாளில் கல்வெட்டு (இறந்தவரின் நினைவுப் புத்தகம்) அடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருப்பார்கள்.

கல்வெட்டை நான் குறை சொல்லவில்லை. இறந்த திதியைச் சொல்லும் வெண்பாவும் வம்சவழியும் அச்சில் நிற்பது யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்த நல்ல வழக்கம். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அதைவிடக் கிட்டிய ஆவணம் இல்லை. ஆனால் அதில் அம்மாவைப் பற்றி மற்றவர்கள் எழுதியதுதான் இருக்கும். அம்மா தன் கையால் எழுதிய ஒரு வரியும் இராது. என்னைக் கேட்டால் நடுப்பக்கத்தில் அவரின் கையெழுத்தில் இரண்டு பக்கத்தை நிறத்திலேயே போடுங்கோ. கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காகத்தான் வர வேண்டும். பதினாறு பக்கக் கல்வெட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குவது பெரிய வேலை இல்லை. புலம்பல் பாட்டில் ஒன்றைக் குறைத்தால் இடம் வந்துவிடும்.

எழுத்து என்றவுடன் கடிதத்தை மட்டும் நினைக்கிறோம். அப்பா எழுதியதில் பாதி கணக்காக இருக்கும். சீட்டுக் காசு, கைமாற்று, அடகு, பங்குக் கிணற்றில் எந்த நாள் யாருடைய இறைப்பு முறை, எந்தக் காணி எத்தனை பரப்பு. (16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதே இப்போது பிறக்கிற பிள்ளைக்கு விளங்கப்படுத்த வேண்டிய விசயம்.) அம்மாவின் கொப்பியில் மிளகாய்த்தூளுக்குச் சரக்கு அளவும், பிள்ளைகளுக்கு ஊசி போட்ட திகதியும், சலவைக்குப் போட்ட உடுப்புக் கணக்கும் ஒரே பக்கத்தில் கிடக்கும். அதைப் பிரிக்க வேண்டாம், கிழித்து ஒழுங்குபடுத்தவும் வேண்டாம். எது எதற்குப் பக்கத்தில் எழுதப்பட்டது என்பதும் ஒரு செய்தி.

நாங்கள் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறோம். முதலில் ஸ்கேனர் தேடுகிறோம். பேப்பர் இன்னும் பத்து வருசம் பொறுக்கும், எண்பத்தைந்து வயதுச் சின்னம்மா பொறுக்கமாட்டார். கடிதத்தில் "வடலியடி மாமா வந்தவர்", "பெரியக்காவின் விசயம் சரிவந்தது" என்று இருந்தால் அந்த மாமா யார், எந்தப் பெரியக்கா, என்ன விசயம் என்று சொல்லக்கூடியவர் ஒருவரோ இருவரோதான் மிஞ்சியிருப்பார்கள். ஒரு கொப்பி எடுங்கோ. பட்டப்பெயர், முறைப்பெயர், வீட்டுப்பெயர் எல்லாவற்றையும் இடப்பக்கத்தில் எழுதி, எதிரே முழுப்பெயரும் யாருடைய பிள்ளை என்பதும் எழுதுங்கோ. பிறகு அந்தச் சின்னம்மாவையே கடிதங்களை உரத்து வாசிக்க வைத்துப் போனில் பதியுங்கோ. ரொறன்ரோவில் வளருகிற பேரப்பிள்ளைக்கு அச்சுத் தமிழ் எழுத்துக்கூட்டி வரலாம், கூட்டெழுத்துக் கையெழுத்து வராது. குரல் இருந்தால் வரும்.

சமையல் குறிப்பும் அப்படித்தான். "கைப்பிடி", "அளவாய்" என்று எழுதியிருப்பதை அம்மாவின் சகோதரி ஒருவரிடம் கொடுத்து, அவர் அள்ளும் கைப்பிடியைத் தராசில் நிறுத்துக் கிராமில் குறித்துக்கொள்ள வேண்டும். றாத்தல் என்றால் ஏறக்குறைய 454 கிராம், அது சுலபம். கொத்து, சுண்டு, பேணி என்ற முகத்தல் அளவுகள் வந்தால் அந்த வீட்டில் எந்தப் பேணி பாவித்தார்கள் என்று கேளுங்கோ. அந்தப் பேணி பெரும்பாலும் இன்னும் அரிசி வாளிக்குள்தான் கிடக்கும்.

திகதியில் பலர் தடுக்கி விழுவார்கள். பழைய ஆக்கள் தமிழ் வருசத்தின் பெயரை மட்டும் எழுதுவார்கள். அறுபது வருசச் சுற்று என்பதால் பிரபவ என்றால் 1927 ஆகவும் இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். கிழமையும் திதியும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பிடிக்கலாம். பாட்டன் காலத்துக் கணக்கில் ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி, ௹ ரூபாய். வன்னியிலிருந்து வந்த கடிதத்தில் "பழைய நேரம் எட்டு மணி" என்றிருந்தால் அது 1996 இல் இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளிய பிறகு எழுதியது. 2006 ஏப்ரலில் மணிக்கூடு பழைய நேரத்துக்குத் திரும்பியதோடு அந்தப் பேச்சும் போய்விட்டது. உறையை எறியாதேயுங்கோ. உள்ளே திகதி இல்லாவிட்டாலும் தபால் முத்திரையில் இருக்கும்.

பேப்பருக்கு வருவம். எங்கள் ஊரில் அதற்கு எதிரி மூன்று: மாரி ஈரம், கறையான், நல்லது செய்வதாக நினைக்கும் நாங்கள். மூன்றாவதுதான் மோசம். லமினேற் பண்ணினால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி ஒட்டிவிடும், பிறகு எடுக்க முடியாது. செலோரேப் ஒட்டினால் சில வருசத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். ஸ்டேப்ளர் கம்பியும் குண்டூசியும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். கம்பியின் கால்களைப் பின்பக்கமாக நிமிர்த்தி எடுங்கோ, முன்னாலே இழுத்தால் கிழியும். ஈரப்பட்டதைக் கடும் வெயிலில் காயப்போட்டால் பேனை மை வெளிறும். நிழலில், மின்விசிறி மெல்ல ஓட, ஒவ்வொரு தாளுக்கும் இடையில் எழுத்தில்லாத வெள்ளைத் தாள் வைத்துக் காயவிடுங்கோ. பத்திரிகைத் தாள் வைத்தால் அதன் மை ஏறும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுக்க வேண்டாம், காய்ந்த பிறகு ஓரத்திலிருந்து தானாக விடும் அளவுக்கு மட்டும் பாருங்கோ. கழுவினால் போகும் நீலப் பேனை மை அழிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பென்சில் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

சொப்பிங் பையில் இறுகக் கட்டி வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உள்ளே அடைபட்ட ஈரம் மாரியில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைத் தாளில் மடித்து, அட்டைப் பெட்டியில் படுக்கையாக வைத்து, பெட்டியை நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் கல்லுக்கு மேல் தூக்கி வையுங்கோ. கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும். வேப்பிலை போடுவதென்றால் நன்றாகக் காய்ந்தது மட்டும், பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும். தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சி வராமலிருக்க வருசத்துக்கு ஒருமுறை, மாசி பங்குனியில், பெட்டியைத் திறந்து காற்றுப் பிடித்தாலே பெரிய உதவி.

படம் எடுக்க ஒரு யன்னல் போதும். பிளாஷ் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். போனைத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் எழுத்துச் சின்னதாகும். உறையில்லாமல் மடித்து அனுப்பும் நீல ஏரோகிராமில் இரண்டு பக்கமும் எழுதியிருப்பார்கள். கீழே கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்துத் தெரிவது குறையும். ஓரத்து மடிப்பில் செங்குத்தாக எழுதிய வரிதான் பெரும்பாலும் முக்கியமான வரி, அதைத் திருப்பித் தனியாக எடுங்கோ. ஸ்கேனர் என்றால் கறுப்பு வெள்ளையில் இல்லாமல் நிறத்தில், 300 டிபிஐக்குக் குறையாமல். ஏ4 பக்கம் ஒன்று ரிஃப் (TIFF) கோப்பாக 25 எம்பி அளவில் வரும். 400 பக்கம் 10 ஜிபி, சின்னப் பென்டிரைவ் போதும். பெயரை வருசம்-மாதம்-நாள் என்று தொடங்கினால் தானாக ஒழுங்கில் நிற்கும். வைபரில் படமாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பாக அனுப்புங்கோ. தட்டச்சுச் செய்கிறவர் எழுத்துப்பிழை திருத்தக்கூடாது. "வாறன்" என்று எழுதியிருந்தால் "வாறன்" தான்.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைப் பேசுகிற அளவுக்கு, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீடு வீடாக விட்டுப்போன தாள்களை நாங்கள் பேசுவதில்லை. கையில் தூக்கக்கூடியது காணி உறுதியும் பிறப்புப் பதிவும்தான். மிஞ்சியதைப் பொதுவில் வைக்க விரும்புகிறவர்களுக்கு 2005 முதல் இணையத்தில் ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனம் இருக்கிறது, கல்வெட்டுகளும் அங்கே சேருகின்றன. ஆனால் கொடுக்க முதல் சகோதரங்கள் எல்லாரையும் கேளுங்கோ. கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் பிறகு அவர் வாரிசுகளுக்கும் போகும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது எழுதியவர் இறந்து 70 வருசம் வரை நிற்கும். கடிதத்தில் ஒரு மருமகளைப் பற்றி இரண்டு வரி காரமாக இருந்தால் எரிக்க வேண்டாம். தனி உறையில் போட்டு, எந்த வருசம் திறக்கலாம் என்று மேலே எழுதி ஒட்டுங்கோ.

"அப்பா கடிதத்தில் அந்தக் காணி சின்னவளுக்கு என்று எழுதியிருக்கிறார்" என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கும் ஒன்று. மரணசாதனம் (உயில்) என்றால் நொத்தாரிசுக்கும் (உறுதி எழுதும் சட்டத்தரணி) இரண்டு சாட்சிக்கும் முன்னால், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளுக்கு முன்னால் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். சும்மா எழுதிய கடிதம் அப்பாவின் விருப்பத்தைச் சொல்லும், காணியைக் கொடுக்காது. அந்த விருப்பத்தை மதிக்கிறதா என்பது சகோதரங்களின் பாடு.

கடைசியாக, பெட்டியில் இருப்பது பாதிதான். அம்மாவின் றங்குப் பெட்டியில் கிடப்பது பிள்ளைகள் எழுதிய கடிதங்கள். அம்மா எழுதியவை ரொறன்ரோவிலும் பாரிஸிலும் ஏதோ ஒரு நிலவறைப் பெட்டியில் கிடக்கும். இரண்டையும் திகதிப்படி பக்கத்துப் பக்கமாக அடுக்கினால்தான் விளங்கும். அம்மா "நீ கேட்டதுக்கு ஓம்" என்று மட்டும் எழுதியிருப்பார். என்ன கேட்டது என்பது யாழ்ப்பாணத்தில், பின்வளவுக்குப் போகிற கட்டுக்குள் இருக்கும்.