எந்த விசா? எத்தனை மாதம்? யார் காசு?

போன வாரம் ஒரு பெண் இன்பாக்ஸில் கேட்டாள்: "அக்கா, இந்த லேப்ல விசா ஸ்பான்சர் பண்ணுவாங்களா?" கூடவே ஒரு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட். பிஎச்டி தீசிஸைக் கொடுத்துவிட்டு வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறாள். தேடுவது வெளிநாட்டில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை. இதுவரை அறுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தாளாம். எல்லாமே "விசா ஸ்பான்சர்ஷிப்" என்ற சொல்லைப் போட்டுத் தேடி, அந்தச் சொல் கண்ணில் பட்ட இடங்கள் மட்டும்.

அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் இதையேதான் செய்தேன். எட்டு மாதம் போனது.

போஸ்ட்டாக் விளம்பரத்தை யார் எழுதுகிறார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். பேராசிரியர் ஒரு பத்தி எழுதிக் கொடுப்பார், எச்.ஆர். தன் வழக்கமான வரிகளைச் சேர்க்கும், அவ்வளவுதான். அவருடைய லேபில் பாதிப் பேர் வெளிநாட்டவர்களாக இருப்பார்கள்; ஆனால் விசா பற்றி விளம்பரத்தில் ஒரு சொல் இருக்காது. லேபில் கரண்ட் உண்டு என்று யாராவது விளம்பரத்தில் போடுவார்களா? அப்படித்தான். அமெரிக்காவில் பெரும்பாலான ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் ஜே-1 என்கிற பரிமாற்ற விசாவுக்கான டிஎஸ்-2019 படிவத்தைத் தாங்களே வழங்கும் அனுமதி பெற்றவை. எச்-1பி என்கிற வேலை விசாவிலும் கம்பெனிகளுக்குத்தான் ஆண்டுக்கு 65,000, அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்ற வரம்பும் குலுக்கலும். பல்கலைக்கழகங்களுக்கும் லாப நோக்கற்ற ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் அந்த வரம்பே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் ஆராய்ச்சியாளர்களுக்கென்றே தனி அனுமதி இருக்கிறது. நிறுவனம் ஒரு ஏற்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் போதும். வருடத்துக்கு நூறு பேருக்குச் செய்து கொடுக்கிற குமாஸ்தா வேலை இது. "ஸ்பான்சர்" என்ற சொல்தான் அதை ஏதோ தானதர்மம் போலக் காட்டி, கேட்கிறவரைக் கூனிக் குறுக வைக்கிறது. எனக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே பிடிக்காது.

விசா தருவார்களா என்பது அநேகமாகத் தீர்ந்த கேள்வி. தீராத கேள்வி, உங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது.

அமெரிக்காவில் இது வெளிநாட்டவருக்கு இன்னும் கறார். மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு நிதி தரும் என்ஐஎச்-சின் எஃப்32 ஃபெல்லோஷிப், டி32 பயிற்சி நிதி, அறிவியலுக்கு அரசு நிதி தரும் என்எஸ்எஃப்-பின் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புகள் எல்லாம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு என்கிற நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். நமக்குத் திறந்திருக்கும் பெரிய கதவு என்ஐஎச்-சின் கே99 நிதி; அதுவும் போஸ்ட்டாக் தொடங்கி நான்கு ஆண்டுக்குள். ஆக, போய்ச் சேரும்போது நம் சம்பளம் பேராசிரியர் கையில் இருக்கும், ஆர்01 போன்ற என்ஐஎச் ஆராய்ச்சி நிதியிலிருந்துதான் வர வேண்டும். அந்த நிதி எப்போது முடிகிறது என்பதை அவரிடம் கேட்கக்கூட வேண்டாம். என்ஐஎச் ரிப்போர்ட்டர் என்ற தளம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயரைப் போட்டால் திட்டத்தின் சுருக்கம், தொகை, தொடங்கிய தேதி, முடியும் தேதி எல்லாம் வரும். இதே மாதிரித் தளங்கள் ஐரோப்பாவுக்கு கோர்டிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச்.

என் இரண்டாவது சுற்றில் விளம்பரங்களை மூடி வைத்துவிட்டு இந்தத் தளங்களில்தான் உட்கார்ந்தேன். ஐரோப்பிய ஆராய்ச்சி கவுன்சில் ஒவ்வொரு வருடமும் ஸ்டார்ட்டிங் கிராண்ட் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடும். ஐந்து வருடத்துக்கு 15 லட்சம் யூரோ வரை. அதை வாங்கிய இளம் பேராசிரியருக்குக் காசு இருக்கிறது, காலி மேசை இருக்கிறது, ஆள் இல்லை. விளம்பரம் எழுத இன்னும் நேரம் கிடைத்திருக்காது. பட்டியல் வந்த வாரத்தில் எழுதும் கடிதத்துக்கும், விளம்பரம் வந்து முன்னூறு பேர் விண்ணப்பித்த பிறகு எழுதும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அனுபவித்திருக்கிறேன். பதினொரு கடிதம் எழுதினேன். நான்கு பதில், இரண்டு நேர்காணல், ஒரு வேலை. முதல் சுற்றில் எழுபதுக்கும் மேல் அனுப்பி ஒன்றும் தேறவில்லை.

கடிதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, உங்கள் உலகப்புகழ் பெற்ற ஆய்வகம் என்று போகும் கடிதத்தை அவர்கள் மூன்றாவது வரியில் மூடிவிடுவார்கள். அந்த ஐயா பாதி நேரம் அம்மாவாகவும் இருப்பார். அவருடைய ஒரு கட்டுரையில் ஒரு படத்தைப் பற்றி உண்மையிலேயே உங்களுக்கு வந்த கேள்வியை எழுதுங்கள். கடைசியில் விசா பற்றி ஒரே ஒரு வரி: எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எப்போது சேர முடியும், முன்பு அந்த நாட்டில் எந்த விசாவில் இருந்தேன் அல்லது இருந்ததில்லை. மூத்தவர்கள் பலர், ஆஃபர் கைக்கு வரும்வரை விசா பேச்சையே எடுக்காதே என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. மறைத்து வைத்தால் அது பிரச்சினை போலத் தெரியும். ஒரு வரியில் சொல்லிவிட்டால் வெறும் தகவல்.

"முன்பு எந்த விசாவில் இருந்தேன்" என்பதை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

என் தோழி ஒருத்தி பிஎச்டி நடுவில் எட்டு மாதம் ஒரு அமெரிக்க லேபுக்குப் போய் வந்தாள். ஒரு நுட்பம் கற்றுக்கொள்ள. அந்தப் பல்கலைக்கழகத்தின் விசா அலுவலகம் அவளை ஜே-1இல் "ரிசர்ச் ஸ்காலர்" பிரிவில் பதிந்தது. அந்தப் பிரிவில் ஐந்து வருடம் வரை இருக்கலாம் என்பதால் அது நல்ல பிரிவு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திட்டம் முடிந்து திரும்பினாள், தீசிஸ் எழுதினாள், அதே பேராசிரியர் போஸ்ட்டாக் தருகிறேன் என்றார். அப்போதுதான் தெரிந்தது: ரிசர்ச் ஸ்காலராக ஒரு முறை போய்த் திட்டம் முடிந்துவிட்டால், 24 மாதங்களுக்கு மறுபடி அதே பிரிவில் வர முடியாது. ஐந்து வருடத்தில் எட்டு மாதம்தானே பயன்படுத்தினோம், மிச்சம் இருக்கிறதே என்ற கணக்கெல்லாம் செல்லாது. கூடப் போகும் கணவனுக்கோ மனைவிக்கோ ஜே-2 எடுத்திருந்தால் அவர்களுக்கும் இதே தடை. ஆறு மாதத்துக்குள் முடியும் வேலையாக அமைத்து "ஷார்ட் டெர்ம் ஸ்காலர்" பிரிவில் போயிருந்தால் இந்தத் தடை வந்திருக்காது. இரண்டு மாத வித்தியாசம். படிவத்தில் ஒரு கட்டம். அந்தப் பேராசிரியரால் இரண்டு வருடம் காத்திருக்க முடியவில்லை. அவர்மேல் குற்றமும் இல்லை, நிதிக்கும் கெடு உண்டு.

இதை, நாடு திரும்பி இரண்டு வருடம் இருந்தாக வேண்டும் என்கிற விதியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு. அரசு நிதியில் போனால், அல்லது உங்கள் நாடும் துறையும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் திறன் பட்டியலில் இருந்தால் வரும். அது ஒட்டிக்கொண்டால், இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கும்வரை, அல்லது விலக்கு வாங்கும்வரை எச்-1பி-யும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது. 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலைத் திருத்தி இந்தியா, சீனா உட்படப் பல நாடுகளை நீக்கினார்கள். பழைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். அரசு நிதி பெற்றவர்களுக்கு விதி அப்படியே இருக்கிறது.

எச்-1பி-யைப் பொறுத்தவரை 2025 செப்டம்பருக்கு முன், பின் என்று பிரித்துத்தான் பேச வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அந்த மாதம் அதிபரின் பிரகடனம் வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு வரம்பில்லை என்ற சலுகை இதில் உதவாது. போஸ்ட்டாக்கின் ஒரு வருடச் சம்பளத்தைவிட அதிகமான தொகையை எந்தத் துறைத் தலைவர் கட்டுவார்? ஜே-1க்கு அந்தக் கட்டணம் இல்லை. எச்-1பி தந்தால்தான் வருவேன் என்று வெளியிலிருந்து அடம்பிடிக்கும் காலம் இப்போதைக்கு இல்லை.

பிரிட்டனில் கதை வேறு; அங்கே பிரச்சினை தடையல்ல, காசு. குளோபல் டேலண்ட் என்று 2020இல் வந்த விசா எனக்குப் பிடித்தது. அது உங்கள் பெயரில் இருக்கும், முதலாளியின் பெயரில் இல்லை; லேப் மாறினாலும் விசா மாறாது. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் அந்தச் சுதந்திரம் கிடையாது. இரண்டிலும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் உண்டு: பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட். மூன்று வருட விசா என்றால் மூன்று வருடத்துக்கும் முன்பணமாக, 3,105. கணவன் மனைவி இருவர் என்றால் 6,210. குழந்தைக்குத் தனி. முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே இதைக் கட்ட வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் திருப்பித் தரும், சில கடனாகத் தந்து சம்பளத்தில் பிடிக்கும், சில தராது. "விசா உதவி உண்டு" என்ற ஒரே வரி இந்த மூன்றுக்கும் பொருந்தும் என்பதுதான் வேடிக்கை.

ஐரோப்பாவில், ஒன்றியம் தரும் மேரி ஸ்க்வடோவ்ஸ்கா க்யூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் பலருடைய கனவு. 2024இல் 10,360 விண்ணப்பங்கள் வந்தன. அடுத்த வருடம் 17,058. கனவு காணலாம், அதையே நம்பி உட்காரக் கூடாது. அதில் ஒரு விதி: விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், எந்த நாட்டு நிறுவனத்தில் சேரப் போகிறீர்களோ அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. முதலில் ஏதோ ஒரு சின்ன ஒப்பந்தத்தில் அந்த நாட்டுக்குப் போய்விடுவோம், அங்கிருந்து நிதானமாக எழுதலாம் என்று போன என் சக ஆய்வாளன் ஒருவன் பதினாறாவது மாதத்தில்தான் இதைப் படித்தான். கெட்டிக்காரன், சமன்பாடுகளை விட விதிப் புத்தகத்தைக் குறைவாக மதித்தான்.

இப்போது என் சொந்தப் புலம்பல். என் முதல் போஸ்ட்டாக், பெயர் வேண்டாம். எங்கள் பேராசிரியரிடம் நான்கு வருட நிதி இருந்தது. தேதியோடு பொதுத்தளத்தில் கிடந்தது. ஆனால் துறையின் "வழக்கம்" ஒரு வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் டிஎஸ்-2019. ஒவ்வொரு வருடமும் கடைசி மூன்று வாரத்தில் நீட்டிப்புத் தாள் வரும். உள்ளே இருக்க அந்தத் தாள் போதும். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகிவிட்டால், வெளியே போனவர் மறுபடி தூதரகத்துக்குப் போய் முத்திரை வாங்கித்தான் திரும்ப வேண்டும். தாளில் பத்து மாதம் மிச்சம் இருக்கும்போது போய் நின்று, பரிசீலனையில் மாட்டி மூன்று மாதம் போனால்? அந்தப் பயத்திலேயே மூன்று வருடம் நாட்டை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. ஒரு மாநாட்டில் என் பேச்சை வேறொருவர் பேசினார். அப்பாவின் அறுவை சிகிச்சையை வீடியோ காலில் விசாரித்தேன். மூன்று வருடத் தாளாகக் கொடுத்திருந்தால் எதுவும் குறைந்திருக்காது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றும் பிற்பாடு அதே அலுவலகத்தில் சொன்னார்கள்! கேட்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. விசா கிடைத்ததே பெரிது என்று இருந்தேன்.

வேலைக்கும் விசாவுக்கும் உங்களிடம் காசு கேட்பவன் மோசடிக்காரன். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். விளம்பரத்தில் இருந்த லேபின் நிதியை நாங்கள் சேர்ந்தே தேடிப் பார்த்தோம். இன்னும் ஏழு மாதத்தில் முடிகிறது. புதுப்பித்ததற்கு அறிகுறி இல்லை. அதை விட்டுவிட்டு, அதே துறையில் போன வருடம் புது நிதி வாங்கிய ஒருவருக்கு எழுதச் சொன்னேன். நேற்று நேர்காணல் முடிந்து, எடுத்துக்கொள்கிறேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டாராம். குதித்துக்கொண்டு போன் செய்தாள். சந்தோஷம்தான். உடனே நான்கு கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன்: எந்த விசா, அதில் எந்தப் பிரிவு? முதல் தாள் எத்தனை மாதத்துக்கு? கட்டணத்தில் எது உங்களுடையது, எது என்னுடையது? இந்த நிதி முடிந்தால் அடுத்து என்ன? "அக்கா, இப்படிக் கேட்டா கோவிச்சுக்க மாட்டாரா?" என்றாள். கோபித்துக்கொள்கிற ஆள் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது என்றேன்.

இன்று காலை பதில் வந்திருக்கிறது. கோபமெல்லாம் இல்லை, நல்ல கேள்விகள் என்று எழுதியிருக்கிறார். முதல் இரண்டுக்குத் தெளிவான பதில். மற்ற இரண்டையும் அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறாராம். அது வரும்வரை கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.