வீட்டைக் கடைசியாக இறக்குங்கள்

இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் ஒரே மாதிரிப் படத்தை அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். செம்மண் நிலம், நாலு மாங்கன்று, நடுவில் கண்ணாடிக் கதவு வைத்த ரெடிமேட் வீடு, அதாவது வேறிடத்தில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குகிற வீடு. "ஒரு ஏக்கர், வீட்டோட சேர்த்து இந்த விலை. வாங்கலாமா?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நிலத்தையும் வீட்டையும் ஒரே பொட்டலமாக வாங்காதீர்கள். முதலில் நிலத்தை வாங்குங்கள். ஒரு கோடையும் ஒரு அடைமழையும் அதன்மேல் போகட்டும். அப்புறம் வீட்டை இறக்குங்கள்.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பட்டதால் சொல்கிறேன்.

செங்கம் பக்கம் 2 ஏக்கர் புஞ்சை. பங்குனியில் போய்ப் பார்த்தோம். தார்ச் சாலையிலிருந்து நிலம் வரைக்கும் அகலமான மணல் பாதை, இரண்டு பக்கமும் பனை மரங்கள், கார் அலுங்காமல் உள்ளே போனது. "இதுதான் உங்க ரோடு" என்றார் விற்றவர். பத்திரம் பதிந்த கையோடு வீட்டுக்கும் முன்பணம் கட்டினோம். ஆடியில் வீடு வந்து சேர்ந்தது. இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 20 அடிக்கு 8 அடி, சேர்த்தால் 320 சதுர அடி. லாரியும் கிரேனும் அதே மணல் பாதையில்தான் வந்தன. பாதைக்குப் பக்கத்தில் இருந்தால் வசதி என்று தாழ்ந்த மூலையில் கான்கிரீட் பீடம் போட்டு இறக்கினோம். காலையில் வெறும் தரையாக இருந்த இடத்தில் சாயங்காலம் அம்மா பால் காய்ச்சினார். அன்றைக்கு இருந்த சந்தோஷம் பெரிய சந்தோஷம், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் விடிகாலையில் கதவைத் திறந்தால் பாதையைக் காணோம். பனை மரங்களுக்கு நடுவே இடுப்பளவுக்குச் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. வீட்டுக்கு அடியிலும் தண்ணீர், பீடங்கள் பாதி முழுகிவிட்டன. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை முந்தின ராத்திரியோடு தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர் மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு வரப்பில் வந்து நின்றார்.

"இது ஓடைப்பா. மலையில பேஞ்சா இப்படித்தான் எறங்கும். வித்தவரு சொல்லலியா?"

அவர் நிலத்தின் வழியாகத்தான் அம்மாவை வெளியே கூட்டி வந்தோம். ஆடியில் விதைத்த மல்லாட்டை (நிலக்கடலை), பிடுங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வரப்பு பல இடத்தில் கரைந்துபோனதால் செடியை மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். நான் தயங்கி நின்றேன். "செடி போனா போவுது. நீ அம்மாவைப் புடி" என்று சொல்லிவிட்டு அவரே முன்னால் மிதித்து வழி காட்டினார். ஒவ்வொரு அடிக்கும் காயோடு செடி சேற்றில் அமுங்கியது.

ஊருக்குத் திரும்பியதும் அரசின் இணையதளத்தில் புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லை வரைபடத்தை, எடுத்துப் பார்த்தேன். பட்டா, எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வீட்டில் இருந்தபடியே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. எங்கள் சர்வே எண்ணை ஒட்டி வளைந்து போகும் துண்டுக்குத் தனி எண் இருந்தது. அந்த எண்ணை அ-பதிவேட்டில் பார்த்தால் அரசு புறம்போக்கு, ஓடை. அதை ரோடாக்கிக்கொள்ள எவருக்கும் உரிமை கிடையாது, ஆக்கவும் கூடாது. அது தண்ணீர் போகிற வழி.

இத்தனைக்கும் 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தோம். தாய்ப் பத்திரத்தை வக்கீல் படித்தார். தனிப்பட்டா, 0.81.0 ஹெக்டேர், அளவு அப்படியே பொருந்தியது. நிலம் யாருடையது என்பதில் ஒரு குறையும் இல்லை. அங்கே எதன் வழியாகப் போய்வருவது என்று மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. பழைய பத்திரங்களில் ஒரு வரி வரும்: 'ஆள், கால்நடை, வண்டி வாகனங்கள் போகவர உள்ள மாமூல் தடப் பாத்தியம் உட்பட.' வழக்கமான பாதையில் போய்வரும் உரிமை என்று அர்த்தம். எங்கள் பத்திரத்தில் அந்த வரி இல்லை. உங்கள் பத்திர நகலில் முதலில் அதைத் தேடுங்கள்.

அ-பதிவேட்டைப் பார்க்க இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு, அது பஞ்சமி நிலமா என்று தெரிந்துகொள்ள. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892-ல் அன்றைய சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். வேறு சமூகத்தார் அதை வாங்கினால் கிரயம் செல்லாது. ஆனாலும் எத்தனையோ கை மாறிப் பண்ணை நிலம் என்ற பெயரில் விலைக்கு வருகிறது. பணம் போய்விடும் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஒருவரிடமிருந்து பறித்த நிலத்தில் சனி ஞாயிறு போய் ஓய்வெடுக்க எனக்கு மனசு வராது. உங்களுக்கும் வராது என்று நம்புகிறேன்.

வழியை மழைக்காலத்தில் பாருங்கள் என்றால், தண்ணீரைக் கோடையில் பாருங்கள். நிரம்பிய கிணற்றைக் கார்த்திகையில் எட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. வைகாசியில் போய், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, போர் எத்தனை அடி என்று சுற்றி உழுகிறவர்களைக் கேளுங்கள். உள்ளதைச் சொல்வார்கள்.

வீட்டுக்கும் கோடை தெரிய வேண்டும். எங்கள் வீட்டின் நீளமான பக்கம் மேற்கைப் பார்த்து நின்றது. சுவர் இரும்புத் தகடு. உள்ளே சூட்டைத் தடுக்கும் பஃப் பேனல் இருந்தும் ஆவணி மாதமே நாலு மணிக்குமேல் அந்தச் சுவரில் சாய முடியவில்லை. பிறகு கூரைக்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்ட பிறகுதான் உட்கார முடிந்தது. முதல் கோடையை வெறும் நிலத்தில் ஒரு கட்டிலைப் போட்டுக் கழித்திருந்தால், வெயில் எந்தப் பக்கம் நிற்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது எல்லாம் தெரிந்திருக்கும்.

கேள்விகள் வருவதற்கு முன்பே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் இல்லாத விவசாய நிலத்தில் நிற்கும் இந்த மாதிரி வீட்டுக்கு வங்கிக் கடனை நம்பி இறங்காதீர்கள். இலவச மின்சாரம் பாசன மோட்டாருக்கு உள்ளது, வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் நண்பர்கள் தங்கள் பெயரில் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ரெடிமேட் வீட்டை நான் குறை சொல்லவில்லை. கட்டின வீடாக இருந்திருந்தால் அது ஓடைக் கரையிலேயே கிடந்திருக்கும். இதைத் தூக்கி நகர்த்த முடிந்தது. ஆனால் லாரி வர வழி வேண்டுமே! பெரியவரைப் போய்ப் பார்த்தோம். நிலத்தை விற்பதில் அவருக்கு விருப்பமில்லை. மூன்று முறை போன பிறகு, மல்லாட்டை பிடுங்கி முடித்ததும் ஒத்துக்கொண்டார். 12 அடி அகலம், 180 அடி நீளம், ஏறக்குறைய 5 சென்ட். அவர் சொன்ன விலையில் நாங்கள் பேரம் பேசவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பாதையில் தன் டிராக்டரும் மாடும் போகவர, தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் தடப் பாத்தியம் உண்டு என்று பத்திரத்தில் எழுத வேண்டும். எழுதினோம். பதிவு அலுவலக வாசலில் அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்து கைரேகை வைத்தார்.

தையில் கிரேன் வந்து வீட்டைத் தூக்கி மேட்டில் வைத்தது. இந்த முறை குறுகலான பக்கம் மேற்கே பார்க்கிறது.