வீட்டில் யார் யார் இருக்கீங்க?

போன வாரம் அழைப்பு மணி அடித்தது. கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தோளில் ஒரு பை. இருபத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சர்வே என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கதவைப் பாதி திறந்து, "இப்ப கொஞ்சம் வேலையா இருக்கேம்மா, பக்கத்து வீட்ல கேளுங்களேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை ஒரு மண்ணும் இல்லை. சோபாவில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

இதில் கேவலம் என்னவென்றால், கல்லூரி முடித்த கையோடு இரண்டு வருஷம் நானே அந்த வேலை பார்த்தவன். வீடு வீடாக ஏறி இறங்கி, என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், புகை பிடிப்பீர்களா, அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதியவன். அந்த இரண்டு வருஷத்தில் "பக்கத்து வீட்ல கேளுங்க" என்பதைக் கேட்ட அளவுக்கு என் பெயரைக்கூட யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

நாடு தழுவிய வீட்டு ஆய்வுகள் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "யாரு சார் அதுல உண்மையைச் சொல்றாங்க?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் பொய் சொல்கிறவர்களால் சர்வே கெட்டுப்போகிறது என்று நான் நம்பவில்லை. என்னைப் போல் கதவைச் சாத்துகிறவர்களால்தான் கெட்டுப்போகிறது.

பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்வீர்கள் என்று கேட்டேன். "அஞ்சு நாள்" என்றார். உள்ளறையிலிருந்து ஒரு செருமல். "சரி, மூணு போட்டுக்கோங்க." மறுபடியும் செருமல், இந்த முறை சிரிப்பும் கலந்து. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாடிப்படி ஏறுறதும் உடற்பயிற்சிதானே தம்பி?" என்றார். மூன்று என்றே எழுதிக்கொண்டேன். சொல்வதை எழுது, விவாதம் பண்ணாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

இப்படி ஒருவர் இரண்டு பேர் இல்லை, ஊர் உலகமே இப்படித்தான். ஆண்கள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். பெண்கள் எடையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். ஆய்வுகளில் மக்கள் "குடித்தேன்" என்று சொல்லும் மதுவை எல்லாம் கூட்டிப் பார்த்தால், பல நாடுகளில் அது விற்பனைக் கணக்கில் ஏறக்குறைய பாதிதான் வருகிறது. மீதியைக் குடித்தது யார் என்று கேட்டால் யாருமில்லை! அமெரிக்காவில் என்ஹேன்ஸ் என்ற தேசிய உடல்நல ஆய்வில் 2003-04இல் ஆட்களின் இடுப்பில் அசைவைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். பரிந்துரைத்த அளவு உடலுழைப்பு உள்ள பெரியவர்கள் 5 சதவீதம்கூடத் தேறவில்லை. வாயால் கேட்டபோது வந்த கணக்கோ இதைவிடப் பல மடங்கு.

ஆனால் கவனியுங்கள், இந்தப் பொய்களை எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள். பொய்க்கும் ஒரு வழக்கமான திசை இருக்கிறது. எந்தப் பக்கம் சாயும், ஏறக்குறைய எவ்வளவு சாயும் என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி படிக்கலாம். எடையைக் கேட்காமல் தராசில் ஏற்றலாம். ரத்த அழுத்தத்தைக் கேட்காமல் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிடலாம். நம் தேசியக் குடும்பநல ஆய்விலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயங்களுக்கு 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் ஒரு வழி சொன்னார். அதன் எளிய வடிவம் இது: கேள்வி கேட்பவர் கண்ணில் படாமல் நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் என்ன ஆனாலும் "ஆமாம்" என்று சொல்லுங்கள். பூ விழுந்தால் உண்மையைச் சொல்லுங்கள். 1000 பேரில் 620 பேர் "ஆமாம்" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 500 பேர் நாணயத்தால் சொன்னவர்கள். மீதி 500 பேரில் 120 பேர் நிஜமாகவே சொன்னவர்கள், அதாவது 24 சதவீதம். உங்கள் "ஆமாம்" எந்த "ஆமாம்" என்று கேட்டவருக்கும் தெரியாது, கடவுளுக்கும் நாணயத்துக்கும்தான் தெரியும். எனக்கு இதைப் படித்தபோது ஏதோ வித்தை பார்த்தது போல் இருந்தது.

கதவைத் திறக்காதவரிடம் எந்த நாணயத்தைக் கொடுப்பது?

1936 அமெரிக்கத் தேர்தல் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறக்குறைய 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அஞ்சலட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வாரிக்கொண்டு போனார். வழக்கமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியலை எடுத்ததுதான் தப்பு என்று முடித்துவிடுவார்கள். அது பாதிக் கதைதான். அட்டை கையில் கிடைத்தும் திருப்பி அனுப்பாதவர்களில் ரூஸ்வெல்ட் ஆட்கள் அதிகம் என்றும், கிடைத்த எல்லோரும் பதில் போட்டிருந்தால் ஜெயிப்பவர் யார் என்பதாவது சரியாக வந்திருக்கும் என்றும் பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். 20 லட்சம் பதில்களை வைத்துக்கொண்டு தோற்றார்கள். வராமல் போன அட்டைகளில் இருந்தது விடை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் வேலையில்லாதோர் விகிதத்தைச் சொல்லும் தொழிலாளர் ஆய்வில் 2023இல் பதில் சொல்கிறவர்கள் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில் அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இந்தக் கணக்கை இப்போதைக்கு வெளியிட முடியாது என்று நிறுத்திவைத்தது. வட்டி விகிதம் முடிவு செய்கிறவர்கள் பார்க்கிற கணக்கு அது. பதில் தராத இளைஞர்களுக்காகப் பதில் தந்த ஓர் இளைஞரைப் பல இளைஞர்களுக்குச் சமமாக வைத்துக் கணக்குப் போடலாம், போடுகிறார்கள். ஆனால் வீட்டில் இருந்து, நேரமும் இருந்து, பொறுமையாகப் பதில் சொன்ன இளைஞர், வீட்டுக்கே வராத இளைஞருக்காகப் பேச முடியுமா?

நம் நாட்டில் இன்னும் கதவு திறக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 6 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள். வீடுகளில் 98 சதவீதம் ஒத்துழைத்தன. அதற்குள்ளும் ஒன்று பாருங்கள்: தேர்வான பெண்களில் 97 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், ஆண்களில் 92. நான் சுற்றிய காலத்திலும் அதே கதைதான். ஆண்களைப் பிடிக்க விடியற்காலையில் போக வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி போக வேண்டும்.

சர்வே எடுக்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு மணி நேரத்துக்குக் கேள்வி வைத்தால் எவன் தாங்குவான்? நாற்பது நிமிஷம் தாண்டியதும் எல்லாவற்றுக்கும் "ஓரளவு", "ஓரளவு" என்று ஒரே பதில் வரும். அலுவலகத்தில் உட்கார்ந்து கேள்வி எழுதுகிறவருக்கு அது தெரியாது, டேப்லெட்டைப் பிடித்திருக்கிறவருக்குத் தெரியும். கேள்வியின் வார்த்தையும் பதிலை மாற்றிவிடும். அமெரிக்காவில் 1972இலிருந்து நடக்கும் பொதுச் சமூக ஆய்வில், "நலத்திட்டத்துக்கு" அரசு குறைவாகச் செலவழிக்கிறதா என்று கேட்டால் நாலில் ஒருவர்கூட ஆமாம் என்பதில்லை. "ஏழைகளுக்கு உதவி" என்று மாற்றிக் கேட்டால் பாதிக்கு மேல் ஆமாம். எண்பதுகளில் சோதித்துப் பார்த்தது இது. அதனால் யாராவது "மக்களில் இத்தனை சதவீதம் பேர்" என்று பதிவு போட்டால், கேட்ட கேள்வியை அப்படியே போடுங்கள் என்று கமெண்டில் போய்க் கேட்பது என் வழக்கம். சிலர் பிளாக் செய்துவிட்டார்கள்.

அந்தப் பெண் மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். "சார், இந்த வீடுதான் லிஸ்ட்ல வந்திருக்கு. பக்கத்து வீட்ல எடுக்கக் கூடாது" என்றார். இதே வசனத்தை நான் எத்தனை வாசலில் சொல்லியிருக்கிறேன்! உள்ளே வரச் சொன்னேன். சட்டையைச் சரிசெய்துகொண்டு பதில் சொல்லத் தயாரானேன், கருத்துச் சொல்லத்தான் பிறந்தவன் மாதிரி.

"வீட்டில் யார் யார் இருக்கீங்க?" பெயரும் வயதும் சொன்னேன். டேப்லெட்டைத் தட்டினார். "உங்க அம்மாவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கு சார்."

வீட்டில் ஒருவரைக் குலுக்கல் மாதிரி எடுக்க லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949இலேயே அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். கதவைத் திறக்கிறவரையே கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஆள்தான் கிடைப்பார் என்பதற்காக. இதை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்த எனக்கு, என் வீட்டில் அது நடந்தபோது முகம் சுருங்கியது.

அம்மா வந்து, "எனக்கு என்னம்மா தெரியும், அவனையே கேட்டுக்கோ" என்றார். "இல்லம்மா, நீங்க நினைக்கிறதுதான் வேணும்." பிறகு என்னைப் பார்த்து, "சார், தனியா பேசணும், நீங்க கொஞ்சம் அந்த ரூமுக்குப் போறீங்களா?"

போனேன். முக்கால் மணி நேரம். ஒரு தடவை அம்மா பலமாகச் சிரித்தது கேட்டது. ஒரு தடவை ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு என்னவோ உறுதியான குரலில், "இல்லை, நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார். எதை என்று தெரியவில்லை. அந்தக் குரலில் அம்மா பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் போனதும் கேட்டேன், "என்னம்மா கேட்டாங்க?"

"அதெல்லாம் யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டுப் போயிருக்கு. நான் மட்டும் எப்படிச் சொல்றது?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.