மேட்ச் மட்டும் பேசணுமாம்

சனிக்கிழமை நம்ம கூட்டம் காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்து) மேட்ச் பார்த்தபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை "இனி மேட்ச் அன்னைக்கு அரசியல் பேச்சு கிடையாது. ஆட்டம், சினிமா, சாப்பாடு, அவ்வளவுதான்" என்று ஒரு விதி வந்ததையும், அதற்கு வரிசையாக எல்லோரும் தலையாட்டியதையும் பார்த்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

அப்படி என்ன கேட்டுவிட்டார் அந்தத் தம்பி? இரண்டாவது குவார்ட்டரில், விளம்பரம் ஓடும்போது, "வாக்-ஆன் பசங்களை ஏண்ணா டீமைவிட்டு எடுத்தாங்க? இதுல கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்றார். வாக்-ஆன் என்றால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் டீமில் சேர்ந்து ஆடுபவர். எம்.எஸ். படிக்க வந்த பையன். இங்கே வந்த பிறகுதான் இந்த ஆட்டத்தையே பார்க்கிறார், ஆனால் நம்மில் பாதிப்பேரைவிடக் கவனமாகப் பார்க்கிறார். அவருக்குக் கிடைத்த பதில், "தம்பி, அரசியல் வேணாம், மேட்ச் பாருங்க." கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் கேட்டது அரசியல் இல்லை, ஆட்டம். காலேஜ் ஃபுட்பாலில் இன்றைக்கு அரசியலை வெளியே நிறுத்தினால், ஆட்டமும் அதோடு சேர்ந்து வெளியே போய்விடும். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

முதலில் அவர் கேள்விக்குப் பதில். 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் ஃபெடரல் நீதிபதி கிளாடியா வில்கன், காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. மேல் வீரர்கள் போட்ட 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். பழைய, இந்நாள் வீரர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் நஷ்டஈடு. இனிமேல் இதில் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதற்கு ஈடாக ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த கட்டுப்பாடு போய், டீமில் மொத்தம் எத்தனை பேர் என்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஃபுட்பாலில் முன்பு 85 ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் வாக்-ஆன் பசங்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெரிய டீம்களில் 120ஐத் தாண்டும். இப்போது மொத்தமே 105. மீதிப்பேர் எங்கே போவார்கள்? சம்பளம் இல்லாமல், ஸ்காலர்ஷிப் இல்லாமல், வாரம் முழுக்க எதிர் டீமின் ஆட்டத்தைப் பழகி, ஸ்டார்ட்டர்களிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த பையன்களைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சமரசத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் முன்பே பல கோச்சுகள் வெட்டித் தள்ளிவிட்டதால், நீதிபதி இதற்காகவே ஒப்புதலைத் தள்ளிப்போட்டார். கடைசியில், அப்படி வெட்டப்பட்டவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால் அவர்கள் அந்த 105 கணக்கில் வரமாட்டார்கள் என்று ஒரு விலக்கு சேர்ந்தது. கவனியுங்கள், சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோச் நினைத்தால் உண்டு.

இவ்வளவுதான் பதில். சொல்ல இரண்டு நிமிஷம். அந்த விளம்பர இடைவேளைக்குள் முடிந்திருக்கும்.

"கோர்ட் விஷயமெல்லாம் இப்ப வந்தது, பழைய ஆட்டம் சுத்தமா இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னார். எந்தப் பழைய ஆட்டம்? சனிக்கிழமை காலையிலிருந்து நள்ளிரவு வரை சேனல் சேனலாக மேட்ச் ஓடுகிறதே, அதுவே 1984இல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பால் வந்தது. அதுவரை எந்த மேட்ச் டி.வி.யில் வரும், ஒரு டீம் எத்தனை தடவை திரையில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. தான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தரப்பில் வழக்குப் போட்டார்கள். 7க்கு 2 என்று என்.சி.ஏ.ஏ. தோற்றது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் நட்சத்திரமாக இருந்தவர். டி.வி. உரிமை கான்ஃபரன்ஸ்கள் (சேர்ந்து ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகள்) கைக்குப் போனது அப்போதுதான். கான்ஃபரன்ஸ் மாற்றம், கோடிக்கணக்கான ஒப்பந்தம், எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை.

அந்த ஒப்பந்தங்கள் என்ன செய்தன? 2022 ஜூன் 30 அன்று கலிஃபோர்னியாவின் யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும் பேக்-12 கான்ஃபரன்ஸை விட்டுப் பிக் டென்னுக்குப் போகிறோம் என்றன. அடுத்த கோடையில் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போக, நூறு வருஷத்துப் பேக்-12இல் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டே பேர். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இன்றைக்கு அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. டி.வி. பணம் வந்தது ஃபுட்பாலுக்காக. கண்டம் தாண்டிப் பறப்பது வாலிபால் பெண்களும் சேர்ந்துதான், திங்கட்கிழமை காலை வகுப்பு அவர்களுக்கும் உண்டு. யூ.சி.எல்.ஏ. போனதால் பெர்க்லிக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடு என்று இரண்டுக்கும் பொதுவான நிர்வாகக் குழுவான ரீஜென்ட்ஸ் உத்தரவு போட்டார்கள். அந்த ரீஜென்ட்ஸில் பெரும்பாலோரை நியமிப்பது கவர்னர். இதில் ஆட்டம் எங்கே முடிகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது? கோடு போட்டுக் காட்டுங்கள், நான் அதற்கு இந்தப்பக்கமே நின்று பேசுகிறேன்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30, நம்ம ஓஹையோ ஸ்டேட் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்ற நாள். அதை ஞாபகப்படுத்தினால் இன்னும் சிலருக்குச் சாப்பாடு இறங்காது என்று தெரியும். மேட்ச் முடிந்ததும் மிச்சிகன் வீரர்கள் நடுமைதானத்தில் தங்கள் கொடியை நட்டார்கள், கைகலப்பு, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே. அதற்கடுத்த மாதமே ஓஹையோ சட்டசபை உறுப்பினர் ஜாஷ் வில்லியம்ஸ், இங்கே கொடி நடுவதைக் குற்றமாக்க மசோதா கொண்டுவந்தார். அதைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை வாரம் பேசினோம்! யாரும் "அரசியல் வேணாம்" என்று சொல்லவில்லையே. ஜிம் டிரெசல் 2002 சீசனில் ஓஹையோ ஸ்டேட்டுக்குச் சாம்பியன்ஷிப் வாங்கித் தந்த கோச். 2025 பிப்ரவரியிலிருந்து இந்த மாநிலத்தின் லெப்டினன்ட் கவர்னர். அவர் பேரை எடுத்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? அலபாமா செனட்டர் டாமி டியூபர்வில் ஆபர்ன் கோச்சாக இருந்தவர். நெப்ராஸ்காவின் கோச் டாம் ஆஸ்போர்ன் காங்கிரஸுக்கே போனார்.

2023 டிசம்பரில் 13-0 என்று தோல்வியே இல்லாமல் வந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலை முறித்துக்கொண்டார் என்பதற்காகப் பட்டத்துக்கான பிளேஆஃபிலிருந்து தேர்வுக் கமிட்டி ஒதுக்கியது. அன்றைக்கு நம்ம கூட்டமே கொதித்தது. கவர்னர் டிசான்டிஸ் வழக்குச் செலவுக்காக பட்ஜெட்டில் 10 லட்சம் டாலர் ஒதுக்கப் போவதாக அறிவித்தபோது கைதட்டியவர்கள் பேர் எனக்கு மறக்கவில்லை. 2025 அக்டோபரில் லூயிசியானாவின் எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகம் தன் கோச் பிரையன் கெல்லியை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய மீதி சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர். லூயிசியானா கவர்னர் ஜெஃப் லாண்ட்ரி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, அடுத்த கோச்சை அத்லெடிக் டைரக்டர் (பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர்) தேர்ந்தெடுக்க மாட்டார் என்றே சொன்னார். அடுத்த நாளே அந்த டைரக்டர் வேலையை விட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வரை மெசேஜ் போட்டவர்கள்தான் சனிக்கிழமை அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தது.

ஆகவே விதி அரசியலுக்கு எதிரானது இல்லை. நமக்குப் பிடித்த அரசியல் ஆட்டமாகிவிடுகிறது, சங்கடமான கேள்வி அரசியலாகிவிடுகிறது. வாதத்தில் இதுதான் எனக்கு வலிக்கிற இடம்.

"சண்டை வருது, நட்பு கெடுது" என்பது நியாயமான கவலை, ஒத்துக்கொள்கிறேன். போன தேர்தல் சமயத்தில் இரண்டு குடும்பங்கள் பேசாமல் போனதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அந்தச் சண்டை யார் ஜனாதிபதி என்பதில் வந்தது. வாக்-ஆன் கணக்குக்காக யாரும் யாரோடும் பேச்சை நிறுத்தியதில்லை.

"வாரம் முழுக்க ஆபீஸ் டென்ஷன், மூணு மணி நேரம் நிம்மதியா இருக்க விடு" என்பதற்கு எனக்குப் பதில் சொல்லவே தோன்றவில்லை. கேட்டவர் அந்த நிம்மதியில் பங்கில்லாதவரா?

எரிச்சலூட்டியது மூன்றாவது. "நாமே விசாவுல இருக்கோம், ஓட்டுப் போடுறது கிடையாது, இவங்க அரசியல் நமக்கெதுக்கு?" இதைச் சொன்னவர் நல்ல மனிதர், எனக்கு மூத்தவர், அவர்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் சொல்கிறேன் அண்ணா, விசாவில் இருப்பதால்தான் நமக்கு இது அதிகமாகப் புரிய வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் படிக்கிற பிள்ளைக்கு செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள்ளே வாரம் 20 மணி நேரம் வேலை, வெளியே என்றால் படிப்பு சார்ந்த வேலைக்கான அனுமதி, அதாவது சி.பி.டி. அல்லது ஓ.பி.டி. இந்தக் கணக்கு நம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். இதே எஃப்-1 பிரச்சினைதான் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆடிய சாக் ஈடிக்கும் இருந்தது. கனடாக்காரர், 7 அடி 4 அங்குலம், நாட்டின் சிறந்த காலேஜ் பாஸ்கெட்பால் வீரர் என்று இரண்டு வருஷம் தொடர்ந்து பேர் வாங்கியவர். கூட ஆடிய அமெரிக்கப் பையன் தன் பேரை வைத்து விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம், அவர் அப்படிச் செய்தால் விசாவுக்கே ஆபத்து. கென்டக்கியின் காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷிப்வே 2022 ஆகஸ்டில் டீம் பஹாமாஸுக்கு ஆடப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே வைத்து அந்த விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். நம்மைவிட இதை யார் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள்? இந்த ஒரு விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு நாம்தான் விளக்கம் சொல்ல வேண்டும். நாமோ நமக்கெதுக்கு என்கிறோம்.

சினிமா, கேம் பேசலாமாம். சரி, நம் பிள்ளைகள் விடியவிடிய ஆடுகிற காலேஜ் ஃபுட்பால் வீடியோ கேமையே பேசுவோம். 2013க்குப் பிறகு 2024 ஜூலை வரை அது வெளிவரவே இல்லை, ஏன்? யூ.சி.எல்.ஏ.வுக்காக 1995 பாஸ்கெட்பால் பட்டம் வென்ற எட் ஓபேனன், ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே இடக்கைக்காரனாக, தன் 31ஆம் நம்பரோடு ஓர் உருவம் ஆடுவதைப் பார்த்தார். பேர் மட்டும் இல்லை, பணமும் இல்லை. 2009இல் வழக்குப் போட்டார். 2014இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதியவரும் அதே கிளாடியா வில்கன்தான். ஃபுட்பால் கேம் திரும்பி வந்தபோது சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் ஒரு காப்பியும் கொடுத்தார்கள். பொழுதுபோக்கு என்று தனியாக ஒதுக்கிவைத்த மூலையிலும் கோர்ட்தான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்த 2 கோடியே 5 லட்சத்தைப் பல பெரிய பல்கலைக்கழகங்கள் பிரிக்கிற விதம் ஏறக்குறைய ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கு 15, பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு 5, மீதி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 5. இது கல்வியில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972இன் டைட்டில் 9 சட்டத்துக்குள் வருமா என்ற கேள்விக்கு, 2025 ஜனவரி நடுவில் பைடன் அரசின் கல்வித்துறை வரும் என்றது. பிப்ரவரி 12 அன்று டிரம்ப் அரசின் கல்வித்துறை அந்த விளக்கத்தைத் திரும்பப் பெற்றது. ஒரு மாதத்துக்குள் பெண் வீராங்கனைகளின் பங்கு தலைகீழானது. இதைப் பேசாமல் எதைப் பேசுவது?

நம் கூட்டத்தில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் நீச்சலுக்கும் டென்னிஸுக்கும் போகிறார்கள்! விடியற்காலை ஐந்து மணிக்கு இருட்டில் காரை எடுப்பவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் டீமையே மூடியது, இந்தச் சமரசம் கொண்டுவரும் செலவையும் காரணமாகச் சொல்லி. சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் நீச்சலுக்கு உச்சவரம்பு 30 பேர், டென்னிஸுக்கு 10. முன்பு ஆண்கள் நீச்சலுக்கு 9.9, ஆண்கள் டென்னிஸுக்கு 4.5 என்று இருந்த ஸ்காலர்ஷிப் வரம்பு காகிதத்தில் போய்விட்டது. பத்துப் பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம், பணம் இருந்தால். அந்தப் பணம்தான் ஃபுட்பாலுக்குப் போகிறது.

அதனால் உங்கள் பிள்ளையை ஒரு கோச் கூப்பிட்டால், சரி என்று சொல்லும் முன் கேளுங்கள். பல்கலைக்கழகம் இந்தச் சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் அந்த 30இல், அந்த 10இல் உங்கள் பிள்ளைக்கு இடம் உறுதியா, இல்லை வந்த பிறகு பார்க்கலாமா? ஸ்காலர்ஷிப் ஒரு வருஷத்துக்கா, நாலு வருஷத்துக்கா? கோச் வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுக் கட்டணத்தில் அத்லெடிக் ஃபீ எவ்வளவு என்றும் பாருங்கள், வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன் மாதிரி இடங்களில் ஒவ்வொரு மாணவரும் கட்டுவது 2,000 டாலரைத் தாண்டுகிறது, மேட்சே பார்க்காத எம்.எஸ். பிள்ளைக்கும் அங்கே இது விழுமா என்று தனியாகக் கேளுங்கள். கேட்டால் சில கோச்சுகளுக்குக் கோபம் வரும். வரட்டும்.