வாக்கிங் போவது நாய். நான் கூடப் போகிறேன், அவ்வளவுதான்

அந்த வீடியோவை எத்தனை பேர்தான் எனக்கே அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். தூறலில் நனைந்துகொண்டு நான் நிற்கிறேன், என் நாய் பூச்சி ஒரு புதருக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நகர மாட்டேன் என்கிறாள், பின்னணியில் சோக இசை, மேலே "வேலைவெட்டி இல்லாதவர்கள்" என்று ஒரு வரி. எடுத்தவர் யார் என்று உங்களுக்கும் தெரியும். நல்ல கோணம், பாராட்டுகள்.

சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். "பத்து நிமிஷத்துல ஒன்னுக்கு ரெண்டுக்கு முடிச்சுட்டு வர்றதுக்கு எதுக்கு இந்த சீன்?" என்று கேட்டவர்களை மட்டும் சும்மா விட மனம் வரவில்லை.

வாக்கிங் நாயுடையது. கழிவறைக்குப் போய்வருவது வேறு, இது வேறு. மனிதனுக்கு மோப்ப ஏற்பிகள் ஏறக்குறைய 60 லட்சம் என்கிறார்கள்; நாய்க்கு இனத்தைப் பொறுத்து 30 கோடி வரைக்கும் போகும். மூச்சை விடும்போதுகூட அதன் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. நாம் நின்று போட்டோ எடுக்கும் சிவப்புப் பூவின் சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது, ஆனால் அந்தச் செடியை உரசிக்கொண்டு யார் போனார்கள் என்பது தெரியும். அப்படிப்பட்ட பிறவியைப் புதருக்குப் புதர் தரதரவென்று இழுத்துப் போவது, ஒருவரை ஊர் பார்க்கக் கூட்டிப்போய்க் கண்ணைக் கட்டிவிடுவது மாதிரி.

"மழையில் ஏன் போக வேண்டும்?" மழையில்தான் போக வேண்டும்! காய்ந்த வெயிலில் அடங்கிக் கிடந்த வாசனை எல்லாம் ஈரத்தில்தான் எழுந்து வரும். பூச்சி ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நின்றது அதனால்தான். திரும்பி வந்ததும் காது மடல், அக்குள், விரலிடுக்கு என்று உண்ணி தேடுவதும், தேங்கிய தண்ணீரில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறேன். வீடியோவில் இதெல்லாம் வராது.

கோடையில் நான் இருட்டோடு கிளம்புவதும் பைத்தியக்காரத்தனமாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றில் வெறும் 25 டிகிரி இருக்கும்போதே நேர் வெயில் படும் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிவிடும். புறங்கையை ஏழு விநாடி அதில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. செருப்புப் போட்டுக்கொண்டு "சீக்கிரம் வாடா" என்று கத்துவது சுலபம்.

குளிர் தொடங்கிவிட்டது என்பதை எனக்கு என் இன்னொரு நாய் ராஜாதான் சொல்வான். கிழவன், மூட்டுவலி, மெதுவாகத்தான் எழுந்திருப்பான். கண்ணில் புரை விழுந்துவிட்டது. ஆனால் வாசலைத் தாண்டியதும் மூக்கு மேலே போகும், நடையில் ஒரு மிடுக்கு வந்துவிடும். இலை உதிரும் நாட்களில் சருகைக் கிளறிக்கொண்டே அரை மணி நேரத்தில் பத்தடி நகர்வான். அவனோடு நின்று நின்றுதான் எந்த மரம் முதலில் மொட்டையாகும், எது கடைசிவரை இலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நானும் பார்க்கப் பழகினேன். நாய் இல்லாமல் நடந்த வருடங்களில் காதில் இயர்போனும் கையில் போனும்தான். மரமாவது ஒன்றாவது.

வழக்கமான கேள்விகளும் வந்திருக்கின்றன. கழிவை எடுக்கிறீர்களா? எடுக்கிறேன், பையில். அடுத்தது. நாய்க்குப் பயப்படுகிறவர்கள் என்ன செய்வார்கள்? நியாயமான கேள்வி. கயிறு என் கையை விட்டுப் போகாது, யாராவது தயங்கினால் நான்தான் ஒதுங்குவேன். "ஒன்னும் பண்ணாது, சும்மா வாங்க" என்று சிரிக்கிற நாய் வளர்ப்பவர்கள்மேல் உங்களைவிட எனக்குத்தான் கோபம்.

அப்புறம் வருவார் பயிற்சி நிபுணர். நாய் நம் காலோடு ஒட்டித்தான் நடக்க வேண்டுமாம், மோப்பம் பிடிக்கவிட்டால் தலைமேல் ஏறிவிடுமாம். 2019-ல் சார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு குழு நாய்கள் இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடின, இன்னொரு குழு காலோடு நடக்கப் பழகியது. பிறகு, தீனி இருக்கிறதா இல்லையா என்று புரியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தால், மோப்பக் குழு முன்பைவிட வேகமாக நம்பிக்கையோடு போனது. மற்றதில் அந்த மாற்றம் இல்லை. நிபுணர் இதற்கும் ஏதாவது சொல்வார். சொல்லட்டும்.

"இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு கோபம்?" என்று உள்பெட்டியில் கேட்ட தோழிக்கு: வீடியோவுக்காகக் கோபம் இல்லை. அதை எடுத்தவர் ஊருக்குப் போனபோது அவருடைய நாய் என் வீட்டில்தான் இருந்தது. வாயில்லா ஜீவன் என்று நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் நாள் காலை கேட்டைத் திறந்து வெளியே கூட்டிப்போனால் அப்படியே நின்றுவிட்டான். இழுக்கவில்லை, குரைக்கவில்லை. எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை அவனுக்கு. வளர்ந்த நாய்! "எங்க நாய் ரொம்ப அமைதி, சத்தமே போடாது" என்று இவர் பெருமையாகச் சொல்வாரே, அந்த அமைதி அதுதான். திரும்பிப் போகும் நாளுக்குள் மண்ணைப் பறித்தான், சேற்றில் புரண்டான், பூச்சியோடு சேர்ந்து அந்தப் புதரிலேயே மூக்கை விட்டான். வந்து பார்த்தவர் சொன்ன ஒரே வார்த்தை, "அழுக்காக்கிட்டீங்களே."

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். பழகிய மனிதர், எதற்கு வம்பு என்று. இப்போது என்னைப் படம் பிடித்துப் போட்டபிறகு எனக்கு மட்டும் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

வீட்டுக்குள் இடம் நிறைய இருக்கிறது, ஓடிக்கொள்ளும் என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போதும் அவனை என்னிடமே விடுங்கள். போகிற இடத்தில் இன்னும் கொஞ்ச நாள் கூடத் தங்கிவிட்டே வாருங்கள்.