வலிக்காத கழுத்துக் கழலையும் கவனிக்கப்பட வேண்டியதே

"வலிக்கவில்லையே, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்" என்று கழுத்துக் கழலையை ஆண்டுக்கணக்கில் முந்தானையால் மறைத்துக்கொண்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களை நம் டெல்டா ஊர்களில் இன்றும் பார்க்கிறேன். வலியை வைத்து இந்த வீக்கத்தை எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கழலை என்பது கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பியின் வீக்கம். வீங்கிய தைராய்டு எல்லாமே ஆபத்தில் முடிவதில்லை. பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் தோன்றும் சிறு வீக்கம் தானாகவே வடிவதுண்டு. சிலருக்குக் கடைசிவரை அதே அளவில் நின்றுவிடும். ஆனால் நாளடைவில் அதனுள் பல முடிச்சுகள் உண்டாகி, அவற்றில் சில, தைராய்டை இயக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியின் கட்டுப்பாட்டை மீறித் தாமாகவே ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கினால், நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் உடல் மெலிவும் வந்து, முதியவர்களுக்கு இதயத் துடிப்பே ஒழுங்கிழந்து பக்கவாதம் வரைக்கும் போய்விடக்கூடும். வயதாகிவிட்டது, அதனால்தான் மெலிகிறார் என்று வீட்டார் இருந்துவிடுவதுதான் எனக்குப் பெரும் வேதனை.

கழலை வெளியே தெரியாமல் மார்பெலும்புக்குப் பின்னால் இறங்குவதும் உண்டு. என் பெரியம்மா கொடியில் துணி போடக் கைகளை உயர்த்தினால் முகம் சிவந்து, கழுத்து நரம்புகள் புடைத்து, மூச்சு வாங்கும். கைகளை இறக்கினால் தணிந்துவிடும். தெருவில் எல்லோரும் பிரஷர் என்றே சொன்னார்கள். சி.டி. ஸ்கேனில் பார்த்தால், மூச்சுக்குழாய் நசுங்கி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. தைராய்டு சுரப்பை அறிய இரத்தத்தில் பார்க்கும் டி.எஸ்.எச். அளவோ அவருக்கு முற்றிலும் சரியாக இருந்தது. இரத்தப் பரிசோதனை நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அது சுரப்பின் அளவைக் காட்டுமே தவிர வீக்கம் எதை அழுத்துகிறது என்பதைக் காட்டாது.

புற்றுநோய் அச்சமும் அளவோடு இருக்கட்டும். பெரும்பாலான முடிச்சுகள் தீங்கற்றவை. வேகமாக வளர்ந்தாலோ, கெட்டிப்பட்டாலோ, குரல் கம்மினாலோ, கழுத்தில் நெறிகட்டினாலோ தாமதிக்காமல் அல்ட்ராசவுண்டும், ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். திடீரென்று வலியோடு வீங்கினால், முடிச்சுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். மூச்சுத் திணறினால் அது அவசர நிலை.

வேதாரண்யத்து உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் கல்லுப்பே போதும் என்ற எண்ணம் இங்கே வேரூன்றியிருக்கிறது. உணவில் அயோடின் குறைந்தால் கழலை வரும்; கடல் உப்பில் இயற்கையாக உள்ள அயோடினோ மிகச் சொற்பம். 1962இல் தொடங்கிய தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் உப்பில் அயோடின் சேர்ப்பதையே வழியாகக் கொண்டது. ஆனால் அதற்காக, முற்றிய முடிச்சுக் கழலையும் அயோடினால் கரைந்துவிடும் என்று நம்பி, அயோடின் மருந்துகளைத் தாமாக வாங்கிக் குடிப்பவர்களுக்குச் சுரப்பு மிகையாகும் அபாயம் உண்டு.

அறுவைச் சிகிச்சை என்றாலே குரல் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். தேர்ந்த மருத்துவரிடம் நிலையான குரல் பாதிப்பு அரிது; அறுவைக்குப் பின் கால்சியம் குறைந்து விரல் மரத்துப்போனால் உடனே சொல்ல வேண்டும். சுரப்பியை முழுவதும் எடுத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு ஹார்மோன் மாத்திரை போட்டு, காபிக்கு அரை மணி நேரமாவது காத்திருந்தால், வயல்வேலை உட்பட எல்லாவற்றையும் முன்போலவே செய்யலாம்.