ஸ்வீட் கார்ன் போட்டால் பொசோலே ஆகாது
பொசோலே என்ற மெக்சிகோ மக்காச்சோளச் சூப்புக்கு ஹோமினி (சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத் தோல் நீக்கிய மக்காச்சோளம்) கிடைக்காவிட்டால் ஸ்வீட் கார்ன் போதும் என்று இந்தச் சமையல் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் வேலைக்காக இருந்தபோது நானும் அப்படிச் செய்து, இனிப்பான பன்றிக்கறி சூப் ஒன்றைக் குடித்தவன்தான். அப்புறம் வீட்டுக்கார அம்மா சொல்லிக்கொடுத்தார்: ககவாசிந்த்லே என்ற பெரிய வெள்ளை மக்காச்சோளத்தை, கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு (வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சரக்குதான்) கலந்த தண்ணீரில் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் தோல் போகத் தேய்த்து நான்கைந்து முறை அலச வேண்டும். ஒவ்வொரு மணியின் அடிமுனையையும் கிள்ளி எடுப்பதற்குள் விரல் ஓய்ந்துவிடும். ஆனால் அப்போதுதான் வேகும்போது பூப்போல விரியும். சுண்ணாம்பு தோலைக் கழற்றுவதோடு வாசனையையே மாற்றிவிடுகிறது, சோளத்தில் உள்ள நியாசின் (வைட்டமின் பி3) சத்தும் உடம்பில் சேரும்படி ஆகிறது. இந்த வேலையெல்லாம் முடியாதென்றால் டப்பா ஹோமினி வாங்குங்கள், தப்பில்லை. பொசோலேயைக் குக்கரில் வைக்கலாமா என்று கட்டுரைக்கான கருத்துகளில் கேட்டவருக்கு: தாராளமாக வைக்கலாம், ஆனால் சோளத்தை முக்கால் பதம் வேகவிட்டு அப்புறம் கறியைப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் கறி நாராகிவிடும், சோளம் அப்படியே முழிக்கும்.